பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறுகிறதே!

கேள்வி: தாண்டிக்குடியில் எங்களுக்குக் காபி, மிளகுத் தோட்டம் இருக்கிறது. என்னிடம் இருப்பது 1998-ம் வருட மாருதி ஜிப்சி கிங், கார்புரேட்டர் வண்டி. காலையில் பட்டிவீரன்பட்டிக்கு இறங்கி, வேலையை முடித்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு பெரும்பாறை வழியாக மலை ஏறுவேன். ஐப்பசி மழையில் இருந்து, ஏறும்போது டெம்பரேச்சர் முள் ‘ஹெச்’ எழுத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. பகலில் பாதியைத் தாண்டாது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றினார், வாட்டர் பாடியை (தண்ணீர் பம்ப்) மாற்றினார், 9,000 ரூபாய் ஆனது. குணம் தெரியவில்லை என்றதும் தெர்மோஸ்டாட்டையே கழற்றி வைத்துவிட்டார். அதன்பின் பகலில் முள் எழுந்திருப்பதே இல்லை, இரவில் மட்டும் பழையபடி ஏறுகிறது. மார்கழியில் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினேன், அப்போதும் ஏறியது. தண்ணீர் குறையவில்லை. இன்னொன்று, ஏற்றத்தில் பெட்ரோல் முள்ளும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். டேங்கில் பெட்ரோல் பின்பக்கம் ஒதுங்குவதால் என்று நினைக்கிறேன். ஆவணியில்தான் வண்டி முழுக்க டிங்கரிங் பார்த்து பெயிண்ட் அடித்தேன். இப்போது ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டும், 20,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை இப்போதைக்குத் தொட விடாதீர்கள். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகவில்லை, முள்தான் தப்பாகக் காட்டுகிறது என்பது என் பலமான சந்தேகம். அதைச் சோதிக்கக் கொஞ்சம் சமதரையும், எஞ்சின் சூடான பிறகு ஐந்து நிமிடமும் போதும். ஆனால் சோதித்து முடிக்கும் வரை முள் சொல்வதை நம்பித்தான் வண்டி ஓட்ட வேண்டும். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சந்தேகம் வந்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன சில வரிகளால்தான்.

மார்கழி விடியற்காலை, மலை இறக்கம். அந்த நேரத்தில் அங்கே எவ்வளவு குளிரும் என்று உங்களுக்குத் தெரியும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரில் கால் வைக்கவே வேலை இல்லை. எஞ்சினுக்குள் எரியும் பெட்ரோல் மிகக் குறைவு, அதனால் உண்டாகும் சூடும் குறைவு. போதாக்குறைக்கு உங்கள் வண்டியில் அப்போது தெர்மோஸ்டாட்டும் (எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) கிடையாது என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். அப்படிப்பட்ட எஞ்சின் அன்றைக்குச் சூடாகக் கஷ்டப்பட்டிருக்க வேண்டும், கொதிப்பது எப்படி? ஆனாலும் முள் ஏறியிருக்கிறது.

மாலை ஏற்றத்துக்கும் விடிகாலை இறக்கத்துக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? பாரம் இல்லை, கியர் இல்லை, வெயில் இல்லை. இருட்டுதான் பொது. இருட்டு என்றால் ஹெட்லைட் எரிகிறது, கூடவே மீட்டர் போர்டுக்குள் இருக்கும் சின்ன பல்புகளும் எரிகின்றன.

அடுத்தது பெட்ரோல் முள். டேங்க் சாய்வதால் கூடுதலாகக் காட்டுகிறது என்று நீங்கள் நினைத்ததில் தவறில்லை, மலைப்பாதையில் அது நடப்பதுதான். ஆனால் டெம்பரேச்சர் முள்ளும் பெட்ரோல் முள்ளும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாக, கூடுதலாகக் காட்டினால் தண்ணீரையும் பெட்ரோலையும் விட்டுவிட்டு, அந்த இரண்டு முள்ளுக்கும் பொதுவாக இருப்பது என்ன என்றுதான் தேட வேண்டும். எஞ்சினில் ஆயிரம் கோளாறு வரலாம். எந்தக் கோளாறும் டேங்கில் பெட்ரோலைக் கூட்டாது.

இரண்டு முள்ளுக்கும் பொதுவானவை மீட்டர் போர்டுக்கு வரும் சப்ளை, அதை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர், மின்சாரம் பாடி இரும்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பாதையான எர்த். இந்த இடத்தில்தான் ஆவணி மாத பெயிண்ட் வேலை முக்கியமாகிறது. முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிப்பவர்கள் டேஷ்போர்டைக் கழற்றாமல் அடிப்பது அபூர்வம். கழற்றும்போது எர்த் வயரின் வளையத்தையும் கழற்றுவார்கள். திரும்ப மாட்டும்போது புதுப் பெயிண்டின் மேலேயே வளையத்தை வைத்து ஸ்க்ரூவை முறுக்கிவிடுவார்கள். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்க்ரூவின் மரை மட்டும் உள்ளே இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும், அதனால் ஆரம்பத்தில் எல்லாம் சரியாகவே வேலை செய்யும். அப்புறம் ஐப்பசி மழையும் மலை ஈரமும் சேர்ந்தால் மரையில் துரு. நீங்கள் சொல்லும் கால வரிசையும் அதேதான். பட்டறைக்காரரை இதற்காகத் திட்ட வேண்டாம். நல்ல கை உள்ளவர்களும் தவறவிடும் இடம் இது.

எர்த் சரியில்லை என்றால் முள் ஏன் ஏற வேண்டும், இறங்கத்தானே வேண்டும் என்று உங்கள் மெக்கானிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் தெரிந்தால் அடுத்த முறை அவரே கண்டுபிடித்துவிடுவார் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எஞ்சினுக்குள் காற்றையும் பெட்ரோலையும் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில், தண்ணீர் ஓடும் பாதையில், ஒற்றை வயரோடு ஒரு டெம்பரேச்சர் சென்சார் திருகப்பட்டிருக்கிறது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் அதன் ரெசிஸ்டன்ஸ் அதிகம், சூடாகச் சூடாகக் குறையும். மீட்டரில் இருந்து வரும் மின்சாரம் அந்த வயர் வழியாக சென்சாருக்குப் போய், சென்சாரின் மரை வழியாக எஞ்சினில் இறங்கி எர்த் ஆகிறது. மீட்டருக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடும், அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கும். கம்பியில் மின்சாரம் ஓடினால் தகடு சூடாகி வளையும், முள்ளைத் தள்ளும். தண்ணீர் சூடாக இருந்தால் ரெசிஸ்டன்ஸ் குறைவு, மின்சாரம் அதிகம், முள் ஹெச் பக்கம் போகும். பெட்ரோல் முள்ளும் இப்படித்தான், சென்சாருக்குப் பதிலாக டேங்கில் மிதவை.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் உண்டு. சப்ளை வோல்டேஜ் ஏறினாலும் மின்சாரம் ஏறும், முள்ளும் ஏறும். பேட்டரி 12 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி. அந்த ஏற்ற இறக்கம் முள்ளைப் பாதிக்கக் கூடாது என்பதற்காகத்தான் ரெகுலேட்டர். பேட்டரி எவ்வளவு கொடுத்தாலும், தன் எர்த்திலிருந்து அளந்து, குறிப்பிட்ட அளவு மட்டும் முட்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. தன் எர்த்திலிருந்து என்பதைக் கவனியுங்கள். மீட்டர் போர்டின் எர்த்தில் இரண்டு ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் போர்டு பல்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு ஆம்பியரை ஒட்டி எடுத்தால், அந்த மின்சாரம் தடையைத் தாண்டிப் போக இரண்டு வோல்ட் செலவாகும். அதாவது மீட்டர் போர்டின் எர்த், வண்டி பாடியைவிட இரண்டு வோல்ட் உயரத்தில் நிற்கும். ரெகுலேட்டர் அந்த உயரத்தில் இருந்துதான் அளக்கிறது. ஆனால் சென்சார் எஞ்சினில் எர்த் ஆகிறது, மிதவை பாடியில் எர்த் ஆகிறது. அவற்றைப் பொறுத்தவரை இரண்டு வோல்ட் கூடுதலாக வருகிறது. இரண்டு முள்ளும் ஏறும். லைட்டை அணைத்தால் அந்த ஒரு ஆம்பியர் நின்றுவிடும், முட்களும் இடத்துக்குத் திரும்பும்.

இருட்டு நேரத்து ஏற்றத்தில் முள் ஏறுவதைப் பார்த்தவர் ஏற்றத்தைக் குற்றம் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. உங்களுக்கு ஏற்றமும் இருட்டும் தினமும் சேர்ந்தே வருகின்றன. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் சோதனை.

பகலில், சமதரையில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் நியூட்ரலில் ஓடவிடுங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். இரண்டு முள்ளும் எங்கே நிற்கின்றன என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். இந்த வகை முள் துள்ளாது, தகடு சூடாகி வளைய நேரம் பிடிக்கும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து இன்னொரு படம். பிறகு லைட்டை அணைத்து, அதே அளவு நேரம் கழித்து மூன்றாவது படம். நின்ற இடத்திலேயே லைட்டோடு ஏறி லைட்டோடு இறங்கினால் விஷயம் முடிந்தது. அந்த இரண்டு நிமிடத்தில் தண்ணீர் அவ்வளவு சூடாகி, மறுபடி அவ்வளவு ஆறவும் வழியே இல்லை. கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள்: லைட் எரியும்போது இண்டிகேட்டரைப் போட்டால் மீட்டர் விளக்கு அதன் தாளத்துக்கு மங்கி மங்கி எரிகிறதா? அப்படி என்றால் எர்த் மேல் உள்ள சந்தேகம் இரட்டிப்பாகும்.

இந்தச் சோதனையை மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டே செய்து பார்க்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு விநாடிகூட லைட்டை அணைக்கக் கூடாது.

முள் அசையவில்லை என்றால்? அப்போது என் சந்தேகம் தப்பு, எஞ்சின் உண்மையிலேயே சூடாகிறதா என்று அளந்தாக வேண்டும். சொல்லப்போனால் முள் அசைந்தாலும் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. இந்த வண்டியில் எஞ்சின் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். ஒரே ஒருமுறை சரியாகக் கொதித்தாலும் ஹெட் வளைந்துவிடலாம். முள் பொய் சொல்கிறது என்று நிரூபிக்காமல் நம்பிவிடக் கூடாது என்று முதலில் சொன்னதற்கு இதுதான் காரணம்.

அளப்பதற்குத் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும், பெரும்பாலான பட்டறைகளில் இப்போது இருக்கிறது. ஆனால் அதை நேராக அலுமினியத்தைப் பார்த்து நீட்டாதீர்கள். பளபளப்பான உலோகத்தில் அது குறைத்துக் காட்டும், பல நேரம் மிகவும் குறைத்து. தெர்மோஸ்டாட் கூடு மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, டேப் சூடேறக் கொஞ்சம் நேரம் கொடுத்து, அதைக் கிட்டத்தில் இருந்து அளந்து பாருங்கள். தெர்மோஸ்டாட் உள்ள நல்ல எஞ்சினில் 80-க்கும் 95-க்கும் இடையில் இருக்கும். உங்கள் வண்டியில் இப்போது அது இல்லாததால் இன்னும் குறைவாகக்கூட வரலாம். மலை ஏறி வீட்டு வாசலில் நிறுத்தியதும், எஞ்சினை அணைக்காமல் அளந்தால்தான் உண்மை தெரியும். முள் ஹெச் பக்கத்தில் நிற்க, டேப் 80-ஐ ஒட்டிக் காட்டினால் யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

உங்கள் ஊருக்கே உரிய ஒரு விஷயம். மலை மேல் போகப்போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். 1,300 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 96 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடும். ரேடியேட்டரில் அப்படி நடக்காமல் காப்பது அதன் மூடி. இந்த வண்டி மூடியின் மேல் 0.9 என்று போட்டிருக்கும். அந்த அழுத்தத்தை அது தாங்கிப் பிடித்தால் மலையிலும் 115 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காது. ரப்பர் நைந்த மூடி இருந்தால் சமவெளியில் தப்பித்துக்கொள்ளும் வண்டி மலையில் கொதிக்கும். அதனால் மூடியின் ரப்பரை ஒருமுறை பாருங்கள். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் பற்றி. மெக்கானிக்கின் சந்தேகத்தை நான் தள்ளிவிடவில்லை. பாரம் ஏறும்போது மட்டும் சூடாவது கேஸ்கெட் போனதற்கும் அடையாளம்தான். ஆனால் கேஸ்கெட் போயிருந்தால் அது வேறு இடங்களிலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஓவர்ஃப்ளோ பாட்டிலில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும். காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகும். மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் வாயில் குமிழி நிற்காமல் வரும். எஞ்சின் ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறும். தண்ணீர் குறையவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்ற மூன்றையும் ஒரு காலையில் பார்த்துவிடலாம். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவம் ஒன்று உண்டு, எரிந்த புகை தண்ணீருக்குள் வந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். அதையும் செய்து பார்த்து மஞ்சளானால் ஹெட்டைக் கழற்றட்டும், நானே கழற்றச் சொல்வேன். ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதே சோதனை என்று ஆகக் கூடாது என்பதுதான் என் கவலை. 20,000 ரூபாயைச் செலவழித்து, எஞ்சினைப் பூட்டி, அன்று மாலை லைட்டைப் போட்டதும் முள் மறுபடி ஏறும். அந்த நேரத்தில் உங்கள் முகத்தையும் மெக்கானிக் முகத்தையும் நினைத்துப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

சரி, லைட்டோடு முள் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வேலை ஆட்டோ எலக்ட்ரீஷியனுடையது, நீங்களே பக்கத்தில் இருந்து செய்யச் சொல்லலாம். மீட்டர் போர்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, பின்னால் ஸ்பீடோ மீட்டர் கேபிளை விடுவித்து, போர்டைக் கொஞ்சம் முன்னால் இழுக்க வேண்டும். சுசுகி வயரிங்கில் முழுக் கறுப்பு எர்த், கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டது சாவி போட்டதும் வரும் சப்ளை, மஞ்சளில் வெள்ளைக் கோடு போட்டது டெம்பரேச்சர் சென்சாருக்குப் போவது. கால் நூற்றாண்டில் யார் யார் என்னென்ன வயரை மாற்றினார்களோ, நிறத்தை மட்டும் நம்பாமல் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை மீட்டர் போர்டு சாக்கெட்டின் கறுப்பு வயரிலும், கறுப்பு முனையை நேராக பேட்டரி மைனஸிலும் வைக்க வேண்டும். எஞ்சின் ஓட வேண்டும், லைட் எரிய வேண்டும். 0.1, 0.2 வோல்ட் என்றால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒன்று, ஒன்றரை என்று வந்தால் கோளாறு கையில் கிடைத்துவிட்டது. இதை லைட் எரியும்போதுதான் பார்க்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சாவியை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்துப் பார்த்து, ‘எர்த் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பீப் சத்தம் இருபது முப்பது ஓம் தடை இருந்தாலும் வரும். நமக்குத் தொல்லை கொடுப்பது இரண்டே ஓம்.

கையோடு, ஒரு முழம் வயரை எடுத்து ஒரு முனையை அந்தக் கறுப்பு வயரிலும் மறுமுனையை பெயிண்ட் இல்லாத பாடி இரும்பிலும் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். ஓரிரு நிமிடத்தில் இரண்டு முள்ளும் இறங்கி வரும். அந்தக் காட்சியை மெக்கானிக்கையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சரிசெய்வது எளிது. எர்த் வளையம் பாடியில் பொருந்தும் இடத்தைத் தேடிப் பிடித்து, உப்புத்தாளால் பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரியும்படி செய்ய வேண்டும். வளையத்தையும் தேய்த்து, புது ஸ்க்ரூ போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிட்டால் ஈரம் இறங்காது. பழைய வளையத்தில் வயர் கறுத்துப் போயிருந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டு புது வளையம் போடுங்கள். பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் எர்த் பட்டையையும் பார்த்துவிடுங்கள், பெயிண்ட் வேலையில் அதன் மேலும் பெயிண்ட் பட்டிருக்கலாம்.

எர்த் நன்றாக இருந்து, இரண்டு முள்ளும் இன்னும் ஏறினால் ரெகுலேட்டர்தான். டெம்பரேச்சர் முள் மட்டும் தப்பு, பெட்ரோல் முள் சரி என்றால் கதை வேறு. அப்போது சென்சாரையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். வயரை சென்சாரில் இருந்து கழற்றினால் முள் ‘சி’ எழுத்துக்கு இறங்கியே ஆக வேண்டும். இறங்கவில்லை என்றால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது, அல்லது மீட்டரே பழுது. அடுத்தது, கழற்றிய வயரை எர்த்தில் தொட்டு முள் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். நேராகத் தொட வேண்டாம். உள்ளே இருக்கும் சுருள் மெல்லியது, கருகிவிடும். நடுவில் 12 வோல்ட், 3.4 வாட் பல்பு ஒன்றை வைத்து எர்த் செய்ய வேண்டும். பல்பு எரிந்து முள்ளும் அசைந்தால் மீட்டரும் வயரும் நலம்.

சென்சாரைச் சோதிக்க அதைக் கழற்றி வெந்நீரில் அதன் முனையை முக்கி, தெர்மாமீட்டரோடு ஓம் பாருங்கள். 50 டிகிரியில் 134 முதல் 179 ஓம், 80 டிகிரியில் 47 முதல் 57 ஓம் வரை. 100 டிகிரிக்கு 26 முதல் 29. மலை மேல் தண்ணீர் 100-ஐத் தொடாது என்பதால் கொதிக்கும்போது 30-ஐக் கொஞ்சம் தாண்டியே நிற்கும், அதைப் பார்த்து சென்சாரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். திரும்ப மாட்டும்போது மரையில் வெள்ளை டேப்பைத் தடிமனாகச் சுற்றாதீர்கள். சென்சாருக்கு அந்த மரைதான் எர்த். டேப் அதை மறைத்துவிட்டால் முள் குறைத்துக் காட்டும்.

முள் குறைத்துக் காட்டுவதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பல வருடங்களுக்கு முன் கம்பத்தில் இருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டிய ஒரு டிரைவர். ஏற்றத்தில் முள் ஹெச்சைத் தொட்டிருக்கிறது. பயந்துபோய் மெதுவாக ஓட்டியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் முள் மளமளவென்று இறங்கி ‘சி’க்கே வந்துவிட்டது. சாமி காப்பாற்றினார் என்று நினைத்து மிச்ச மலையையும் ஏறிவிட்டார். கீழ் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போய்விட்டிருந்தது. சென்சாரின் முனை தண்ணீரில் நனைந்திருந்தால்தான் அது தண்ணீரின் சூட்டைச் சொல்லும். அதைச் சுற்றித் தண்ணீரே இல்லாமல் போனால் அது சொல்வதற்கு அர்த்தமே இல்லை. வண்டியை இழுத்துக்கொண்டு வந்தபோது ஹெட் வளைந்து, பிஸ்டன் ஒட்டியிருந்தது. அவர் அந்த ஜீப்பை நம்பித்தான் குடும்பம் நடத்தினார். அன்றிலிருந்து வண்டியோடு வரும் எல்லாரிடமும் சொல்கிறேன்: ஏறிய முள் காரணமே இல்லாமல் திடீரென்று இறங்கினால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டுங்கள்.

நீங்களும் எர்த் வேலை முடியும் வரை அப்படித்தான் ஓட்ட வேண்டும். இரவில் முள் ஹெச்சைத் தொட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஆவியோ பச்சைத் தண்ணீர் ஒழுக்கோ கூலன்ட் வாசனையோ இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லாவிட்டால் ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டுப் போகலாம். ஒன்று இருந்தாலும் உடனே அணைத்துவிட வேண்டும், சூடான எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கடைசியாகத் தெர்மோஸ்டாட். நம் பக்கத்தில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. வெயில் ஊரில் அது எதற்கு என்று கழற்றி வீசிவிடுகிறார்கள். மலையில் வசிக்கும் நீங்கள் அதை இழக்கவே கூடாது. அது இல்லாமல் எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே வராது. கார்புரேட்டர் வண்டி பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், சரியாக எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் இறங்கி அதைக் கெடுக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். பகலில் முள் எழுந்திருப்பதே இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அது உண்மையான எச்சரிக்கை. இரவில் அதே முள் சொல்வதைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். புதிதாக வாங்கிப் போட்டதைக் கழற்றி வைத்திருப்பார்கள் இல்லையா, அதையே கேட்டு வாங்குங்கள். அதன் மேல் 82 அல்லது 88 என்று அச்சடித்திருக்கும். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால் அந்த எண்ணை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். திறந்தால் புது கேஸ்கெட் போட்டு மாட்டிவிடச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு காற்று அடைத்திருக்காமல் தண்ணீரை நிரப்புவது முக்கியம். மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கியதும் மறுபடி நிரப்பி மூட வேண்டும். வெறும் தண்ணீர் வேண்டாம், அலுமினிய எஞ்சினுக்குக் கூலன்ட்தான் சரி.

முதலில் எர்த், அதன் பிறகு தெர்மோஸ்டாட் என்ற வரிசையிலேயே செய்யுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும். சோதனை முடிந்ததும் இரண்டு எண்களை மட்டும் எழுதி அனுப்புங்கள்: லைட் எரியும்போது கறுப்பு வயரில் வந்த வோல்ட், மலை ஏறி நிறுத்தியதும் கறுப்பு டேப்பில் வந்த டிகிரி. மெக்கானிக் அதற்குள் ஹெட் ஸ்பேனரை எடுத்தால் இந்தப் பதிலை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.